மழையில் கரையாத பொட்டு

"என் வூட்டுக்காரரு குடிக்கறவரு இல்லீங்க மேடம்" என்றுதான் தெரசா ஆரம்பித்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. ஒரு வாரமாக இதே வாக்கியத்தைப் போலீஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் சொந்தக்காரர்களிடமும் சொல்லிச் சொல்லி, இனி ஒருவர் நம்பாமல் உதட்டைப் பிதுக்கினால் கையிலிருந்த பையாலேயே ஒரு போடு போட்டுவிடுவார் போலிருந்தது.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது கமலாவின் அலுவலகம். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பரிசோதித்துக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதுவது அவர் தொழில். இருபத்திரண்டு வருஷம் நொறுங்கிய வண்டிகளோடு பழகியதில் மனிதர்களிடம் அளந்து பேசக் கற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு உதவியாளனாக இருக்கும் செழியன் அதற்கு நேர்மாறு. சட்டம் படித்தவன், முப்பது வயதைத் தாண்டியவன். யார் அநியாயம் என்று வாயைத் திறந்தாலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக எழுந்துவிடுவான். அன்றும் எழுந்துவிட்டான்.

"நீ உக்காருப்பா. நீங்களும் உக்காருங்கம்மா. மொதல்லயிருந்து சொல்லுங்க" என்றார் கமலா.

தெரசாவின் கணவர் ரெக்ஸுக்கு வடக்கனந்தல் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றில் வேலை. கல்வராயன் மலைக் கிராமங்களுக்குப் போய், எந்தக் காட்டில் மரவள்ளி எப்போது பிடுங்கலாம் என்று பார்த்து வர வேண்டும். அதற்காக ஆலை கொடுத்த மோட்டார் சைக்கிளுக்குப் பதினெட்டு வயது. போன திங்கட்கிழமை மத்தியானம், பிச்சைமுத்து என்ற மலை விவசாயியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் போய்ச் சரிந்தது. ரெக்ஸின் கால் வண்டிக்கு அடியில் ஒடிந்தது. பிச்சைமுத்துவின் தலை ஓரத்துக் கல்லில் மோதியது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

"வண்டி சரியில்ல, வண்டி சரியில்லன்னு ஆறு மாசமா சொல்லிக்கினே இருந்தாருங்க. மேனேஜரு இன்னா சொன்னாரு தெரியுமா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், போடா வேலைய பாருன்னாரு. இப்ப அதே மேனேஜரு, ரெக்ஸ் மேல சாராய வாடை வந்துதுன்னு சாட்சி எழுதிக் குடுத்திருக்காரு. குடிச்சிட்டு ஒரு உயிர கொன்னுட்டாராம்! கால்ல கட்டோட படுத்திருக்கிறவர, எழுந்ததும் ஜெயிலுக்கு அனுப்பறாங்களாம்."

"ரத்தம் எடுத்துப் பாத்தாங்களா?"

"எடுக்கலீங்க. அதான் வாடை வருதே, அப்பறம் இன்னாத்துக்குன்னு வுட்டுட்டாங்க."

செழியன் மேசையைக் குத்தினான். "அக்கா, இது அடுக்குமா?"

"வண்டிய யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டார் கமலா, அவனைக் கவனிக்காமல்.

அங்கேதான் சிக்கல். மோட்டார் வாகன ஆய்வாளர் வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்திருக்கிறார். ஹேண்டில்பார், பிரேக், சக்கரம், எல்லாம் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவர் கண்ணெதிரே இருந்ததைத்தான் எழுதினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஒரு தாளால் ரெக்ஸ் பொய்யனாகிவிட்டான். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதை வேறு யாரும் வந்து நமக்கு நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் ரெக்ஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வந்தவர்கள் யாரென்று தெரசா சொன்ன பிறகும் திரும்பவில்லை. கமலா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோயாளியிடம் வைத்தியர் கேட்பதுபோல வண்டியைப் பற்றிக் கேட்டார்.

"ஒரு பக்கமா இழுக்குமா, தம்பி?"

ரெக்ஸ் மெல்லத் திரும்பினான். "இல்லீங்க."

"அப்ப பின்சக்கரம் கோணலா மாட்டல. வளைவுல பின்னால இடுப்பு ஒடிஞ்ச மாதிரி ஆடுமா?"

"அதுவும் இல்ல. பின்னால சுத்தமாத்தான் வரும். எல்லாம் முன்னாலதாங்க."

"டயர்ல காத்து கம்மியா?"

"அன்னிக்குக் காலைல நானே புடிச்சேன்."

"மெதுவா போகும்போது எப்படி இருக்கும்?"

"பாம்பு மாதிரி போவுங்க. நான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருத்திக்கினே இருக்கணும். முன் பிரேக்கப் புடிச்சா கைப்பிடியில டக்குனு ஒரு சத்தம். அப்பறம்..." அவன் இரண்டு கைகளையும் தூக்கி, இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடித்தான். "நேரா இருக்கும்போது ஒரு குழியில உக்காந்துக்கும். திருப்பினா வராது. அழுத்தித் திருப்பினா திடீர்னு ஜாஸ்தியா திரும்பும். அன்னிக்கு வளைவுல குழியில உக்காந்தது உக்காந்ததுதான். வரவே இல்லீங்க. பின்னால அவரு 'தம்பி, தம்பி'ன்னாரு."

அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெளியே வந்ததும் செழியன், "இன்னாக்கா அது, குழி?" என்றான்.

"ஹேண்டில்பார் திரும்பற கழுத்துக்குள்ள கோன்செட்னு ஒண்ணு இருக்கு. மேல ஒரு கிண்ணம், கீழ ஒரு கிண்ணம், நடுவுல குண்டுங்க. வண்டி ஜாஸ்தி நேரம் நேராத்தான போவும்? கிரீஸ் காஞ்சு, லூஸா கெடந்தா, குண்டுங்க அதே எடத்துல இடிச்சு இடிச்சுக் கிண்ணத்துல பள்ளம் போட்டுரும். அப்பறம் நேரா வந்தாலே பள்ளத்துல விழும். ரெக்ஸ் சொன்ன மூணும் அதுக்குத்தான் பொருந்துது. இப்படி ஒரு கதைய வண்டி ஓட்டத் தெரியாதவன் கட்ட முடியாது. குடிகாரனும் கட்ட முடியாது."

"ஆனா ஆய்வாளர் நல்லா இருக்குதுன்னு எழுதிட்டாரே?"

"அதான் போய்ப் பாப்போம்."

ஆலை வாசலிலேயே செழியன் மூக்கைப் பொத்திக்கொண்டான். கிழங்கு மாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிடும் தொட்டிகளிலிருந்து ஒரு புளித்த நெடி வந்து நெஞ்சை அடைத்தது. "இன்னாக்கா, உள்ள சாராய ஊறல் போட்டிருக்காங்களா?" என்றான். கமலா, தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஓர் ஆளின் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தார். அரவை இயந்திரத்தில் புதிதாக மாட்டிய ஒரு பெரிய போல்ட்டின் மேல், கட்டைவிரலால் அழுத்தி வைத்த சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் இருந்தன. அதையும் பார்த்துக்கொண்டார்.

மேலாளரின் பெயர் சிவசங்கர். அவருக்கு 'அவர்' போட்டு எழுதவே கை கூசுகிறது. எழுத்துக்கென்று ஒரு மரியாதை இருப்பதால் போடுகிறேன். அவரே முன்னால் நடந்து வந்து வண்டியைக் காட்டினார். ஆலையின் திறந்தவெளி முற்றத்தில், ஒரு வேப்பமரத்தடியில் அது நின்றது. நிலையத்தில் இடமில்லை என்று போலீஸார் இங்கேயே வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"கொண்டாந்து வெச்ச எடத்துலயே நிக்குது மேடம். ஒருத்தன் கை வெக்கல. தார்ப்பாய்கூட மூடல. திங்கக்கெழம சாயங்காலம் புடிச்ச மழ வியாழக்கெழம மத்தியானம்தான் வுட்டுது. அவ்ளோ மழையிலயும் அப்படியே கெடந்துது. எங்க கிட்ட ஒளிவு மறைவு கெடையாது."

"ரொம்ப நல்லது" என்றார் கமலா. "அத எழுதிக் குடுக்கறீங்களா?"

மறுப்பேதும் சொல்லாமல் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். தன் வாயால் கெட்ட தவளையை யார் காப்பாற்றுவது?

செழியன் பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்க, முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. கமலா ஒரே விரலால் ஹேண்டில்பாரைத் தள்ளினார். அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போனது. குழியும் இல்லை, டக்கும் இல்லை. செழியன் முகம் தொங்கிப்போயிற்று. சிவசங்கர் புன்னகைத்தார்.

கமலா பிறகு முன்டயரைக் கையால் தடவிப் பார்த்தார். அது சீராகத் தேயவில்லை. விரலை ஓட்டினால் மேடும் பள்ளமுமாக, அலை அலையாகத் தட்டுப்பட்டது. ஆயுத பூஜைக்கு வண்டி முழுக்க வைத்த பொட்டுகளின் கதியையும் பார்த்தார். முன்விளக்கில் வெறும் மஞ்சள் கறை. டாங்கில் அதுவும் இல்லை. கடைசியாகக் கைப்பிடிக்கு நடுவே, கோன்செட்டை இறுக்கிப் பிடிக்கும் தலை நட்டைக் குனிந்து பார்த்தார். அதைக் கைபேசியில் மூன்று படம் எடுத்தார்.

"நாளைக்குக் காலைல பிச்சைமுத்து பொண்ணு கண்ணகி வருது" என்றார் சிவசங்கர். "ரெக்ஸ் குடிச்சிருந்தான்னு அதுவும் கையெழுத்து போடுது. பாவம், அப்பன் போயிட்டான். ஆலையிலயே ஒரு வேல போட்டுத் தர்றோம்."

"நாங்களும் வர்றோம்" என்றார் கமலா. "எஸ்.ஐ.யையும் வரச் சொல்லுங்க."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த வேப்பமரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதமே ஆன உதவி ஆய்வாளர் இளவரசன் வந்திருந்தார். தெரசா இருந்தார். ஆலையின் மெக்கானிக் வீரமுத்து, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி ஒதுங்கி நின்றார். கண்ணகி, மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்தவள், தெரசாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சற்றுத் தள்ளி, மலைக்குப் புறப்பட வேண்டிய மற்ற களப் பணியாளர்கள் ஏழு பேர் அவரவர் வண்டியருகே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நான்தான் எங்கப்பன வண்டியில ஏத்தி வுட்டேன்" என்றாள் கண்ணகி, யாரும் கேட்காமலே. "பஸ்ஸு போயிடுச்சு, தம்பியோட போப்பான்னேன். குடிச்சிருக்கறது தெரிஞ்சா ஏத்தி வுட்டிருப்பேனா?"

"அவன்கிட்ட வாடை வந்துச்சாம்மா?" என்று கேட்டார் கமலா.

"சாராய வாடையா? இல்ல. புளிச்ச வாடைதான். மில்லு ஆளுங்க எல்லார்கிட்டயும் வரும்."

"அன்னிக்குக் காலைல ஓர் ஆள் வரலன்னு ரெக்ஸை மாவுத் தொட்டியில எறக்கி வுட்டாங்க" என்றார் தெரசா. "அதே சட்டையோட மலைக்கு அனுப்பினாங்க."

கமலா இளவரசன் பக்கம் திரும்பினார். "சார், நீங்க ஊருக்குப் புதுசு. இந்த வாடை உங்களுக்குச் சாராயமாத் தெரிஞ்சதுல தப்பில்ல. என் உதவியாளனே நேத்து அப்படித்தான் கேட்டான். ஆனா சிவசங்கர் சார் பதினாலு வருஷமா இதுக்குள்ளதான் உக்காந்திருக்காரு. கொஞ்சம் கிட்டப் போங்க. அவரு சட்டையிலயும் அதே வாடைதான் வீசுது. அவர இப்பக் குடிச்சிருக்காருன்னு எழுதிக்கலாமா?"

இளவரசன் கிட்டப் போகவில்லை. நின்ற இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது; முகம் கறுத்தது.

"சரி மேடம், வாடைய வுடுங்க" என்றார் சிவசங்கர் அவசரமாக. "வண்டி நல்லா இருந்துதுல்ல? நீங்களே நேத்து பாத்தீங்களே? அப்ப ஓட்டினவன் தப்புதான?"

"வண்டி ரொம்ப நல்லா இருக்கு. அதான் எனக்குச் சந்தேகம். ஸ்போக்ஸ் துரு, செயின் துரு, சைலென்சர்ல ஓட்ட. பதினெட்டு வயசு வண்டியில கழுத்து மட்டும் புது மாப்பிள்ளையாட்டம் திரும்புது. சரி, நல்லா வெச்சிருந்தாங்கன்னே வெச்சுப்போம். அப்ப முன்டயர் ஏன் அலை அலையாத் தேஞ்சிருக்கு? கழுத்து லூஸா ஆடிக்கினே ஓடின வண்டியிலதான் டயர் அப்படித் தேயும். அது ஒரு நாள்ல வராது, மாசக்கணக்கா ஆடணும். கோன்செட்டை மாத்தினவங்களுக்கு டயரை மாத்தணும்னு தோணல."

"மாத்தினாங்களா? யாரு? எப்ப?" என்றார் இளவரசன்.

"வியாழன் மத்தியானத்துக்கும் வெள்ளிக் காலைக்கும் நடுவுல. அத அவங்களே எழுதி வெச்சிருக்காங்க." கமலா வண்டியருகே போய்த் தலை நட்டைக் காட்டினார். அதன் மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம், சிவக்கச் சிவக்க. "ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு எல்லாம் மூணு நாள் மழையில கழுவிக்கினு போயிடுச்சு. இந்த ஒண்ணு மட்டும் எப்படிக் கரையாம நிக்குது? வண்டிய யாரும் தொடல, மூடலன்னு மேனேஜர் கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்காரு."

"வெள்ளிக்கெழம பூஜைக்கு யாராவது..." என்று இழுத்தார் சிவசங்கர்.

"பூஜைக்கு வெச்சா லைட்டுக்கு வெப்பாங்க, டாங்குக்கு வெப்பாங்க. இந்த நட்டத் தேடிக் குனிஞ்சு யாரு வெப்பா? கழட்டி மாட்டினவருதான் வெப்பாரு. உங்க அரவை மெஷின்ல புதுசா மாட்டின போல்ட்டுலயும் இதே கட்டைவிரல் சந்தனம் இருக்கு. புதுப் பொருள் எத மாட்டினாலும் பொட்டு வெக்காம அனுப்ப அவருக்கு மனசு வராது. மறைக்க வேண்டிய வேலையிலகூடக் கை தானாப் போயிருக்கு." அவர் குரலை உயர்த்தவில்லை. "இல்லீங்களா, வீரமுத்து அண்ணே?"

வீரமுத்து துடைத்துக்கொண்டிருந்த துணி கீழே விழுந்தது.

"நான் மூணு தடவ கேட்டேங்க" என்றார். "ஒரு கோன்செட்டு வாங்கிக் குடுங்கன்னு மூணு தடவ. உள்ளங்கையில அடங்கற சாமான். வண்டி ஓடுதா இல்லையாடா, ஓடுதுல்லன்னு தொரத்திட்டாரு. பிச்சைமுத்து பெரியவரு செத்து நாலாம் நாளு, மேனேஜரே கார்ல போய் வாங்கிக்கினு வந்து, மாட்றான்னாரு. வேல போயிடும்னு மாட்டினேங்க. பொட்டு வெச்சது எனக்கே தெரியல."

அவர் தன் பெட்டியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். துருவேறிய இரண்டு கிண்ணங்கள். உள்விளிம்பில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மிளகை வைக்கலாம். தூக்கிப் போட மனசு வரவில்லை என்றார். தெரசா அதை வாங்கிப் பார்த்தார். ஆறு மாசமாகத் தன் கணவன் சொன்னதெல்லாம் அந்தக் குழிகளில் இருந்தது. அவர் அழவில்லை. "இதுக்கா? இதுக்கா மேடம்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ஒரு பழைய வண்டிக்கு இவ்ளோ பஞ்சாயத்தா?" என்று வெடித்தார் சிவசங்கர். "எல்லா வண்டியும் அப்படித்தான் ஓடுது! மத்தவனுங்கள்லாம் ஓட்டல? இவனுக்கு மட்டும் இன்னா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், சோற்றுப் பானையையே தன் கையால் கவிழ்த்துவிட்டார்.

கண்ணகிதான் முதலில் நகர்ந்தாள். கையெழுத்துக்காகக் கொடுத்திருந்த தாளை நாலாய் மடித்து மேலாளரின் சட்டைப்பையில் செருகினாள். "எங்கப்பன் சாவுக்கு எனக்கு வேல தர்றீங்களா? அந்த வேலைக்கும் இப்படி ஒரு வண்டி குடுப்பீங்களா?" என்றாள். பிறகு நேராக மற்ற வண்டிகள் நின்ற பக்கம் போனாள். "அக்கா, இங்க வாங்க. நேத்து அத எப்படிப் பாத்தீங்க? இத பாருங்க."

செழியன் ஓடிப்போய் முதல் வண்டியின் பின்பக்கத்தை அழுத்தினான். கமலா விரலால் தள்ளினார். ஹேண்டில்பார் பாதி வந்து, நடுவில் பொட்டென்று விழுந்து நின்றது. அடுத்த வண்டி. அதுவும் நின்றது. மூன்றாவது நன்றாக இருந்தது. நான்காவதில் பிரேக்கைப் பிடித்ததும் டக்கென்று சத்தம் கேட்டது. அந்த வண்டிக்காரர், நடுத்தர வயதுள்ள ஒரு மனிதர், இரண்டு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மணலூர்பேட்டைக்குப் போய் வந்ததாக யாரிடம் என்றில்லாமல் சொன்னார். சொல்லிவிட்டுச் சாவியை உருவிக் கண்ணகியின் கையில் கொடுத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து கொடுத்தார்கள். ஏழாவது சாவியைக் கொடுத்தவர் சிவசங்கரைப் பார்த்து, "நடந்து போறேன். இல்லன்னா போவல" என்றார்.

இளவரசன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "சிவசங்கர், நீங்க ஸ்டேஷனுக்கு வரணும். வீரமுத்து, நீங்களும் வந்து சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க" என்றார். பிறகு தெரசாவிடம் வந்து, "தப்பு எங்க மேலயும் இருக்கும்மா. நான் எழுதினத நானே திருத்தறேன்" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. தெரசாவும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

தெரசா தன் கைபேசியில் ரெக்ஸை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டார், எல்லோரும் கேட்கட்டும் என்று.

"நீ குடிக்கலன்னு ஒத்துக்கினாங்கய்யா. கோன்செட்டு கெடச்சிடுச்சு. வண்டிதான்னு ஒத்துக்கினாங்க."



"மத்தவங்க?" என்றது ரெக்ஸின் குரல். "மத்தவங்க இன்னிக்கு மலைக்குப் போயிட்டாங்களா, தெரசா? போவ வேணாம்னு சொல்லு. இப்பவே சொல்லு."

தெரசாவின் கையிலிருந்து கைபேசியைக் கண்ணகி வாங்கினாள். ஒரு வாரமாக அவனைச் சபித்துக்கொண்டிருந்தவள் அவள்.

"போவலண்ணே" என்றாள். "சாவி எல்லாம் என் கையிலதான் இருக்குது."